குளத்தங்கரை விலை மட்டும் போதாது

அன்பு நண்பா,

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் குளங்களில் வளர்க்கும் கெளுத்தி மீன் (கேட்ஃபிஷ்) வியாபாரம் பற்றி நீ எழுதிய கடிதமும், கூடவே வைத்திருந்த கணக்குத்தாளும் கிடைத்தன. நிறைய உழைத்திருக்கிறாய். ஆனால் உன் கணக்கு முழுவதும் குளத்தங்கரையில் பவுண்டுக்கு எத்தனை சென்ட் என்ற ஒற்றை எண்ணையே சுற்றி வருகிறது. அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது குளத்தில் தெரியாது. வெட்டுமேசையிலும் உறைகிடங்கிலும்தான் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நூறு பவுண்டு உயிர்மீன் பதப்படுத்தும் ஆலைக்குள் போனால், தலை, குடல், தோல் எடுத்த முழுமீனாக ஏறக்குறைய 60 பவுண்டு தேறும். வயிற்றுச் சதையை ஒதுக்கி ஃபில்லட்டாக, அதாவது முள்ளில்லாத சதைத் துண்டாகப் போட்டால் 35 முதல் 38 பவுண்டுதான். ஒதுக்கிய வயிற்றுச் சதை ‘நகெட்’ என்று மலிவாக விற்கும். தலையும் எலும்பும் குடலும் மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் போகும், அதில் வருவது சொற்பம். உயிர்மீன் பவுண்டு ஒரு டாலர், ஃபில்லட் தேறுவது 36 சதவீதம் என்று வைத்துக்கொள். ஒரு பவுண்டு ஃபில்லட்டில் மீனுக்கான செலவு மட்டும் 2.78 டாலர். கூலி, மின்சாரம், பெட்டி, உறைய வைக்கும் செலவு எல்லாம் அதற்கு மேல். குளத்தங்கரையில் ஒரு சென்ட் ஏறினால் ஃபில்லட்டில் கிட்டத்தட்ட மூன்று சென்ட் ஏறிவிடும். விவசாயி கேட்கும் ஐந்து சென்ட் ஆலைக்காரருக்குப் பதினான்கு சென்டாகத் தெரிவது இதனால்தான். தேறும் அளவு 36-லிருந்து 35-க்குச் சரிந்தாலே எட்டு சென்ட் போய்விடும்.

அடுத்தது மீனின் அளவு. இதை உன் தாளில் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. ஆலைகளுக்கு உகந்த எடை ஒன்று முதல் நான்கு பவுண்டு வரை. வெட்டு இயந்திரங்கள் அந்த அளவுக்கே பொருத்தப்பட்டிருக்கின்றன. அதைத் தாண்டிய மீனைக் கையால் வெட்ட வேண்டியிருக்கும். துண்டும் பெரிதாகிவிடும். உணவகங்கள் கேட்பது 5 முதல் 7 அவுன்ஸ், 7 முதல் 9 அவுன்ஸ் என்று தட்டுக்கு ஏற்ற துண்டுகளை. அதனால் பெரிய மீனுக்கு விலையைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். சேனல் கெளுத்திப் பெண்ணும் புளூ கெளுத்தி ஆணும் சேர்ந்த கலப்பினம் வந்தபிறகு இந்தத் தொல்லை கூடிவிட்டது. அது வேகமாக வளரும், தீவனத்தை நன்றாகச் சதையாக்கும், வலையில் எளிதாகச் சிக்கும், ஃபில்லட்டும் சற்றுக் கூடுதலாகத் தேறும். ஆனால் அறுவடை ஒரு மாதம் தள்ளிப்போனால் அளவு மீறிவிடும். கலப்பினத்தை வளர்ப்பவன் குஞ்சு விடும் நாளிலேயே ஆலையோடு தேதி பேசிவைக்க வேண்டும்.

அறுவடையைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் சேற்று வாடைதான். ஜியோஸ்மின், மெத்தில் ஐசோபோர்னியால் என்ற இரண்டு பொருள்கள் நீலப்பச்சைப் பாசிகளிலிருந்து நீரில் கலந்து, செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடும். டெல்டாவில் முக்கியக் குற்றவாளி பிளாங்க்டோத்ரிக்ஸ் பெரோர்நாட்டா என்ற பாசி. அது வெதுவெதுப்பான நீரில் செழிக்கும், குளத்தில் மீன் தயாராக நிற்பதும் அதே கோடைக் கடைசியில்தான். ஆலையின் சுவைபார்ப்பவர் உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் துண்டை மைக்ரோவேவில் வேகவைத்து முகர்ந்து, கடித்துப் பார்ப்பார். அறுவடைக்கு ஓரிரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை, வண்டி ஆலை வாசலில் நிற்கும்போது ஒருமுறை. மூன்றில் எதில் தோற்றாலும் மீன் இறங்காது.

தோற்ற குளம் வெறுமனே காத்திருப்பதில்லை. தீவனம் தின்னும், அளவு மீறும், நீர்க்காகமும் கூழைக்கடாவும் வந்து கொத்தும், நோய் தட்டினால் கண்ணெதிரே இருப்புக் குறையும். நீ விலை வீழ்ச்சி என்று குறித்திருக்கும் நட்டத்தில் ஒரு பகுதி, விற்க முடியாமல் நின்ற நாட்களின் நட்டமாக இருக்கலாம். அதைத் தனியாகப் பிரித்துப் பார். மருந்து உண்டு. ஏக்கருக்கு 5 பவுண்டு மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) வாரம் ஒருமுறை, கோடை முழுவதும், காற்றூட்டியின் முன்னால் மூட்டையில் கட்டிக் கரைய விடுவது ஒரு முறை. நீரின் காரத்தன்மையை அளக்காமல் போட்டுவிடக் கூடாது. காரத்தன்மை குறைந்த நீரில் செம்பு மீனையே கொல்லும். ஒரே நேரத்தில் அதிகமாகப் போட்டால் பாசி மொத்தமாகச் செத்து அழுகி, விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பாசி போனபிறகும் வாடை உடனே போகாது. வெதுநீரில் மெலிந்த மீனுக்குச் சில நாள், குளிர்நீரில் கொழுத்த மீனுக்குப் பல வாரம் பிடிக்கும்.

இனி வியட்நாமிலிருந்து வரும் கெளுத்தி வகையான பங்காசியஸ். நீ கேட்ட கேள்வி நியாயமானது: இத்தனை தடை போட்டும் ஏன் நிற்கவில்லை? 2002-இல் வேளாண் சட்டம், அமெரிக்கக் கெளுத்திகள் அடங்கிய இக்டலூரிடே குடும்பத்து மீனை மட்டுமே ‘கேட்ஃபிஷ்’ என்று விற்கலாம் என்றது. 2003-இல் மலிவு விலைக் குவிப்புக்கு எதிரான வரி வந்தது. இந்த மீன்களின் கண்காணிப்பு, உணவு மருந்து நிர்வாகத்திடமிருந்து வேளாண் துறைக்கு மாறி, 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் வியட்நாமின் ஆய்வுமுறையும் அமெரிக்க முறைக்கு நிகரானது என்று ஏற்கப்பட்டது. பெயரைப் பறித்ததால் அந்த மீன் மறைந்துவிடவில்லை. ‘ஸ்வாய்’ என்ற பெயரில் உறைபெட்டியில் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அடிப்படைக் காரணம் உயிரியல். பங்காசியஸ் வெளிக்காற்றைச் சுவாசிக்கும். மீகாங் கரையின் ஆழமான குளங்களில் நீரை மாற்றி மாற்றி ஹெக்டேருக்கு 300 டன் வரை எடுக்கிறார்கள். டெல்டாவின் வழக்கமான குளத்தில் ஏக்கருக்கு 4,000 முதல் 5,000 பவுண்டு, அதாவது ஹெக்டேருக்கு ஐந்து டன்னை ஒட்டி. எந்த வரியும் இந்த இடைவெளியை முழுதாக மூடாது.

விலையை ஒப்பிடும்போது பெட்டியின் மேலே எழுதியதை நம்பாதே. உறைந்த துண்டை எடை போடு, மேலே பூசியிருக்கும் பனிப்பூச்சைக் குளிர்நீரில் கழுவிவிட்டு மறுபடி எடை போடு, வேகவைத்து மூன்றாம் முறையும் போடு. எடை கூட்டப் பாஸ்பேட் நீரில் ஊறவைத்த ஃபில்லட் மூன்றாம் எடையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வியட்நாமே 2014-இல் பனிப்பூச்சை 10 சதவீதத்துக்கும் ஈரப்பதத்தை 83 சதவீதத்துக்கும் கட்டுப்படுத்தி ஆணை போட வேண்டியிருந்தது.

ஆனாலும் குளங்கள் மூடப்பட்டதற்கு வியட்நாமை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க ஆலைகள் 2003-இல் 66 கோடி பவுண்டு உயிர்மீனைப் பதப்படுத்தின. பத்தாண்டுக்குள் அது 30 கோடியை ஒட்டி இறங்கியது. நடுவில் 2008-இன் தீவன விலை இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஏறி, தீவனம் டன் 400 டாலரை ஒட்டிப் போனது. அங்கே டன் என்பது 2,000 பவுண்டு, எனவே பவுண்டு 20 சென்ட். ஒரு பவுண்டு மீனுக்கு இரண்டரை பவுண்டு தீவனம் என்றால் 50 சென்ட் அதிலேயே போய்விட்டது. அந்த ஆண்டு உயிர்மீனின் சராசரி விலை 80 சென்டுக்குள் நின்றது. மிச்சத்தில் குஞ்சு, டீசல், மின்சாரம், கடன் வட்டி, கூலி. கரையை உடைத்து அதே நிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஒன்றைக் கவனி. மிசிசிப்பியின் குளப்பரப்பு 1,10,000 ஏக்கருக்கு மேலிருந்து 35,000-ஐ ஒட்டி வந்துவிட்டது, மூன்றில் ஒரு பங்கு. நாட்டின் உற்பத்தி அந்த அளவுக்குச் சரியவில்லை, பாதிக்கு அருகில் நிற்கிறது. கலப்பினமும் கூடுதல் காற்றூட்டிகளும் செய்த வேலை அது. உன் தாளில் பரப்பை வைத்து உற்பத்தியைக் கணித்திருக்கிறாயே, அந்தப் பத்தியை அடித்துவிடு.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்கள் இறைச்சியைத் தவிர்க்கும் தவக்காலத்தில் மீனுக்குக் கிராக்கி ஏறும். குளமோ குளிரில் உறங்கும், மீன் வளராது. பிப்ரவரி, மார்ச்சில் வாடையில்லாத, அளவான மீன் கைவசம் வைத்திருப்பவன் பேரம் பேசலாம். இலையுதிர் காலத்தில் எல்லோரிடமும் மீன் இருக்கும், ஆலை நாள் தள்ளும். அதற்காக எல்லா மீனையும் குளிர்காலத்துக்கு நிறுத்திவிடாதே. பட்டினியில் எடை குறையும், பறவைகளும் அப்போதுதான் கூட்டமாக இறங்கும். பாதியை அக்டோபரிலேயே தள்ளிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்த கடிதத்தில் மூன்று எண்களை அனுப்பு: குளவாரியாக மீனின் அளவுப் பங்கீடு, சுவைச் சோதனையில் தோற்ற நாட்கள், ஃபில்லட் தேறிய சதவீதம். அவை வந்தால் உன் தாளை நானே திருத்தி எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்