ருஸ்தமின் ஊரைப் பற்றிச் சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு வலி குறைந்து மறுபடி காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் வீடு அமைதியாகக் கிடக்கிறது, எனக்குப் படிக்க நேரம் நிறைய.

பேரனுக்கு ஷாநாமா என்ற பாரசீகக் காவியத்தின் வீரன் ருஸ்தம் கதை சொன்னபோது, "ருஸ்தம் எந்த ஊர் தாத்தா?" என்று கேட்டானாமே. சீஸ்தான் என்று சொல். ஈரானின் கிழக்கு ஓரத்திலும் ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையிலுமாகப் பிரிந்து கிடக்கும் நிலம். கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்.

முதலில் ஆறு. வாழ்நாளெல்லாம் மதகும் வாய்க்காலுமாக இருந்தவன் நீ, உனக்கும் அதுதான் பிடிக்கும். காபூலுக்கு மேற்கே இந்துகுஷ் மலையில் பிறக்கிற ஹெல்மண்ட், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியும் கடலைப் பார்ப்பதில்லை. ஹாமூன் என்ற ஆழமில்லாத ஏரிகளில் போய் முடிந்துவிடுகிறது. மழை பேருக்குத்தான். கோடையில் விடாமல் வீசும் காற்றுக்கு '120 நாள் காற்று' என்றே பெயர். அந்தக் காற்றைக் கொண்டு அங்கே மாவரைத்தார்கள் என்று 10ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். காற்றாலை பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அவையும் அடக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சீஸ்தான் தானியக் களஞ்சியம். வராவிட்டால் வெறும் மணல். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் ஈரானின் பெஹிஸ்துன் பாறையில் தன் நாடுகளைப் பட்டியல் போட்டபோது இதுவும் அதில் இருந்தது. கிரேக்கர்கள் டிராங்கியானா என்றார்கள். அதற்கும் முன்னால், பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் படை பாலையில் உணவில்லாமல் தவித்தபோது இங்குள்ள ஆரியாஸ்பர்கள் என்ற மக்கள் தானியம் கொடுத்துக் காப்பாற்றினார்களாம். அதற்காக அவர்களுக்கு 'உபகாரிகள்' என்ற பட்டம் கிடைத்தது. இருநூறு ஆண்டு கழித்து கி.மு. 330இல் அலெக்சாண்டர் வந்தபோது, தான் வீழ்த்திய பேரரசின் பழைய நன்றிக்கடனை அவனும் மதித்து அந்த மக்களைக் கௌரவித்தான். அதே மாகாணத்தில்தான் தன் குதிரைப்படைத் தலைவன் ஃபிலோட்டாஸைச் சதிக் குற்றம் சாட்டிக் கொல்லவும் செய்தான்.

அலெக்சாண்டருக்குப் பின் ஆண்ட செலூக்கியர் காலத்தை விட்டுவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து சகர்கள் என்ற நாடோடி மக்கள் இறங்கி வந்து குடியேறினார்கள். சகஸ்தான் என்ற பெயர் வந்ததும், அது தேய்ந்து சீஸ்தான் ஆனதும் அவர்களால்தான். ஈரானை ஆண்ட பார்த்தியர் காலத்தில் இது சூரேன் குடும்பத்தின் கோட்டையாக இருந்தது என்று கருதுகிறார்கள். அந்தக் குடும்பத்துத் தளபதிதான் கி.மு. 53இல் கர்ரே என்ற இடத்தில் ரோமின் தளபதி கிராசஸை முறியடித்தவன். வென்று வந்தவனை அவனுடைய அரசனே பொறாமையில் கொன்றுவிட்டான். அப்புறம் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்திலும் வடமேற்கு இந்தியாவிலும் கோண்டபெர்னஸ் தனியாட்சி நடத்தினான். நம் சாந்தோமில் நினைவுகூரப்படும் தோமா, இந்தியாவுக்கு வந்து அந்த அரசனுக்காக வேலை செய்தார் என்று பழைய கிறித்தவ மரபு சொல்கிறது.

பார்த்தியருக்குப் பின் ஈரானை ஆண்ட சாசானியர் காலத்துச் செய்தி ஒன்று என்னை விடவே மாட்டேன் என்கிறது. இளவரசர்களை 'சகர்களின் அரசன்' என்று பட்டம் கட்டி இங்கே அனுப்புவார்கள். அப்படி ஒருவன், ஷாபூர் என்று பெயர், கி.பி. 311 வாக்கில் சீஸ்தானுக்குப் போகிற வழியில் பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸின் இடிபாடுகளில் தங்கினான். அலெக்சாண்டர் அதை எரித்து அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே விருந்துண்டு, தந்தைக்காகவும் பேரரசனுக்காகவும் வேண்டிக்கொண்டு, 'இந்த மாளிகையைக் கட்டியவனுக்கும்' சேர்த்து வாழ்த்துச் சொல்லிக் கல்லில் வெட்டிவைத்தான். கட்டியவன் பேரைக்கூட அவன் எழுதவில்லை. எல்லைக்குப் போகிறவனுக்கு அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று வேண்டிக்கொள்ளத் தோன்றியிருக்கிறதே, சண்முகம்!

651-52 வாக்கில் அரபுப் படை வந்து தலைநகர் சரஞ்சைப் பிடித்தது. ஆனால் அதற்குக் கிழக்கே சாபுலையும் காபூலையும் ஆண்ட ருத்பீல் அரசர்களை இரண்டு நூற்றாண்டாக அடக்க முடியவில்லை. அடக்குவதற்கென்றே ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அனுப்பிய ஒரு பெரும்படை, அலங்காரத்தைப் பார்த்து 'மயில் படை' என்று பெயர் வாங்கியது, பாதியில் திரும்பி அவர்மீதே பாய்ந்தது. கலீபாவின் ஆட்சியே ஆட்டங்கண்டது.

ருத்பீல்களை அடக்கும் அந்த வேலையைக் கடைசியில் செய்தவன் உள்ளூர்க்காரன். யாகூப், செம்புக் கொல்லன். ஊர்க்காவல் படையில் சேர்ந்து 861இல் சரஞ்சைக் கைப்பற்றினான். 870 வாக்கில் காபூல் வரை போனான். 873இல் நிஷாப்பூரைப் பிடித்தபோது ஊர்ப் பெரியவர்கள் கலீபாவின் ஆணைப் பத்திரம் எங்கே என்று கேட்டார்களாம். வாளை எடுத்துவரச் சொல்லி, கலீபாவை பாக்தாதில் உட்காரவைத்தது இதுதானே, என்னை இங்கே உட்காரவைத்ததும் இதுதான் என்றானாம். அவைப் புலவர் அரபியில் புகழ்ந்து பாடியபோது, எனக்குப் புரியாததை ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டான் என்றும், அதன் பிறகு அவனுடைய செயலர் முகம்மது இப்னு வசீப் பாரசீகத்தில் பாடினார் என்றும் சீஸ்தானின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அரபுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த மொழி அவையேறிய தொடக்க காலப் பாடல்களில் அதுவும் ஒன்று. 876இல் பாக்தாதைப் பிடிக்கப் போய்த் தோற்று, 879இல் நோயில் இறந்தான். அவன் தம்பி அம்ர் 900இல் சாமானியர் என்ற அரச வம்சத்தாரிடம் பிடிபட, அந்தப் பெரிய ஆட்சி சுருங்கிப்போனது.

இத்தனையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது. சீஸ்தானை 'ஓரம்' என்று சொன்னவர்கள் எல்லாரும் வேறெங்கோ தலைநகரில் உட்கார்ந்திருந்தவர்கள். அங்கே பிறந்தவனுக்கு அதுதான் நடுநாடு. ஷாநாமாவைப் பார், ஈரானின் அரசர்கள் தவறு செய்துவிட்டுத் தவிக்கும்போதெல்லாம் ஆள் வருவது சீஸ்தானிலிருந்துதான். ருஸ்தம் யாருக்கும் அடிமையில்லை, ஆனால் கூப்பிட்டால் வருவான்.

மங்கோலியரும் 1383இல் தைமூரும் செய்த அழிவு பெரிது. ஊரைக் கொளுத்தினால் மறுபடி கட்டிவிடலாம், அணையும் வாய்க்காலும் போனால் எத்தனை தலைமுறை ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1872இல் பிரிட்டிஷ் அதிகாரி கோல்ட்ஸ்மிட் மத்தியஸ்தம் செய்து மாகாணத்தை ஈரானுக்கும் ஆப்கானிஸ்தானுக்குமாக இரண்டாக வகுத்தார். 1896இல் ஆறு தடம் மாறியது, வழக்கு மறுபடி எழுந்தது, 1903இல் அதைத் தீர்க்க இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி மக்மகான் வந்தார். இரு நாடுகளும் செய்த 1973 ஒப்பந்தப்படி, சராசரி நீர்வரத்துள்ள ஆண்டில் ஈரானுக்கு ஹெல்மண்ட் நீர் நொடிக்கு 26 கன மீட்டர். இன்று ஹாமூன் பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. மீன் பிடித்தும் நாணல் அறுத்தும் வாழ்ந்தவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். 2023 மே மாதம் எல்லையில் துப்பாக்கிச் சூடே நடந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உன்னிடம் ஒரு கேள்வி. டெல்டாவில் அடிக்கடி தடம் மாறுகிற ஆற்றின் நீரை, மேலே அணை கட்டியவனும் கீழே ஏரியை நம்பியவனும் ஒரு நிலையான அளவை வைத்துப் பங்கிட முடியுமா? வறட்சி ஆண்டில் எதை அளவாக எடுப்பார்கள்? உன் அனுபவத்தில் என்ன படுகிறதோ விரிவாக எழுது.

தங்கச்சிக்கு என் அன்பு. பேரனுக்கு அடுத்து ருஸ்தமின் குதிரை ரக்ஷின் கதையைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்