ஆர்வி தயாரிப்பவர்களுக்கு, தரைமட்டத்திலிருந்து ஒரு மடல்

ஆர்வி கட்டி விற்கும் நிறுவனங்களில் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

நான் வருடம் முழுக்க ஆர்வியிலேயே, அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியிலேயே, குடியிருக்கும் ஆள். கூடவே இரண்டு பூனைகள். விடுமுறைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களை மனதில் வைத்துத்தான் நீங்கள் பெரும்பாலும் வண்டி கட்டுகிறீர்கள், அது உங்கள் வியாபாரம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் விளம்பரப் படங்களில் இப்போதெல்லாம் சோபாவில் ஒரு நாயோ பூனையோ சாய்ந்துகொண்டிருக்கிறது, பக்கத்திலேயே "செல்லப் பிராணிகளுக்கு ஏற்றது" என்று ஒரு வரி. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் பார்த்த வண்டிகளில் தேடினால், இழுப்பறைக்குள் பதித்த இரண்டு கிண்ணம், கதவோரம் கழுத்துவார் மாட்ட ஒரு கொக்கி. பூனை கிண்ணத்தை எங்கே வைத்தாலும் சாப்பிடும். நான் கேட்பது பூனை சாகாமல் இருக்கிற வண்டி.

முதலில் ஸ்லைடு. பொத்தானை அமுக்கினால் சுவரோடு சேர்த்து ஒரு பாதி அறையே வெளியே நீளும், கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும், நிறுத்திய இடத்தில் வாழ்வதற்கு அதைப்போல் வசதி வேறு இல்லை. அந்த அறை உள்ளே வரும்போது அதன் அடியிலும் பின்னாலும் இருக்கிற இருட்டு இடுக்குதான் பூனைக்கு வண்டியிலேயே பிடித்த இடம். காரணம் உண்டு, கிளம்பப் போகிறோம் என்று பூனைக்கு நமக்கு முன்பே தெரிந்துவிடும், நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டதும் ஒளிய இடம் தேடும், நீங்கள் பொத்தானை வைத்திருப்பதும் அதே நேரத்துக்குத்தான். நான் இரண்டு பூனையையும் கூண்டில் போட்டுக் கதவைத் தாழிட்ட பிறகே பொத்தானைத் தொடுவேன். ஆனால் வண்டிக்குப் புதிதாக வருகிறவருக்கு இதை யார் சொல்வது? கையேட்டில் "பாதையில் தடை இல்லை என்று உறுதி செய்யவும்" என்று ஒரு வரி இருக்கிறது. பூனை தடையாகத் தெரியும் இடத்திலா இருக்கும்?

பல வண்டிகளில் மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுத்தால்தான் ஸ்லைடு நிற்கும். பெட்டி மாட்டினால் திணறும், சரி. நாலு கிலோ உயிருக்கு அது திணறவே திணறாது. இது தீர்க்க முடியாத விஷயமும் இல்லை. அமெரிக்காவில் தானியங்கி கராஜ் கதவுக்கு அடியில் குழந்தைகள் சிக்கி இறந்தார்கள், 1990-ல் சட்டம் போட்டார்கள், 1993 ஜனவரி முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் கதவு இயக்கிகளெல்லாம் தடை பட்டால் தானாகத் திரும்பியாக வேண்டும் என்று ஆயிற்று. குறுக்கே எதுவும் வந்தால் கண்டுகொள்ள, கராஜ் கதவோரம் இரண்டு பக்கமும் வைக்கும் சின்ன ஒளிக்கண் எத்தனை வருடமாகக் கடையில் கிடைக்கிறது! வண்டியில் மட்டும் ஏன் முடியாது என்று யாராவது எனக்கு விளக்குங்கள். பூனைக்காகச் செய்ய மனமில்லை என்றால் தவழும் குழந்தைக்காகச் செய்யுங்கள், பூனையும் பிழைத்துப்போகும்.

அடுத்தது ஓட்டைகள். பூனையின் காறையெலும்பு மற்ற எலும்போடு கோத்திருக்காது, தசைக்குள் சும்மா நிற்கும், அதனால் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். உங்கள் ஆலையில் அரை அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல ஓட்டை போடுகிறார்கள். சமையல் தொட்டிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், கழிவறைச் சுவருக்குப் பின்னால், தரையில் வெப்பக்காற்று வரும் குழாயில், எங்கே பார்த்தாலும். என் கருப்பன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இழுப்பறைக்குப் பின்னால் போனான், அங்கிருந்து குழாய் இறங்கும் ஓட்டை வழியாகத் தரைக்கும் அடிமூடிக்கும் நடுவில் இறங்கிவிட்டான். இழுப்பறையின் திருகெல்லாம் கழற்றி, தரையில் காதை வைத்துப் படுத்து, நகம் பிராண்டும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று தேடி, கடைசியில் அடியில் ஒட்டியிருந்த கருப்பு பிளாஸ்டிக் தகட்டை அறுத்துத்தான் எடுத்தேன். வந்தவன் உடம்பெல்லாம் மரத்தூள். அதாவது நீங்கள் அறுத்தபோது விழுந்த தூளையே யாரும் கூட்டி எடுக்கவில்லை. அதன் பிறகு கம்பி வலையும் அடைப்பு நுரையும் வாங்கி, கண்ணில் பட்ட எல்லா ஓட்டையையும் நானே அடைத்தேன். ஆலையில் சுவர் மூடுவதற்கு முன்னால் செய்தால் நிமிட வேலை.

இப்போது வெயில். மின் இணைப்பு இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஏசியைப் போட்டுவிட்டு, பூனைகளை உள்ளே விட்டுக் கடைக்குப் போய் வருவது எங்களுக்கு அன்றாடம். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3600 வாட், அவ்வளவுதான் மொத்தமே. பக்கத்து வண்டிகளெல்லாம் ஏசி போட்டு அந்த வரிசைக்கே மின்னழுத்தம் விழுந்தால் என் ஏசியும் நின்றுவிடும். நான் வரிசையில் நின்று பொருள் வாங்கிக்கொண்டிருப்பேன், எனக்கு எப்படித் தெரியும்? பூட்டிய கார் எவ்வளவு சூடாகிறது என்று 2005-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிதாகப் பலன் இல்லை. ஆர்வி காரைவிடப் பெரியது, சுவரில் வெப்பத்தடுப்பு இருக்கிறது, அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் ஏறும். பூனை நாய்போல மூச்சிரைத்துச் சமாளிக்கிற பிராணியும் இல்லை, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் ஏற்கெனவே நிலைமை மோசம்.

கூரையில் 12 வோல்ட் விசிறி வைக்கிறீர்கள். பக்கத்திலேயே பேட்டரி இருக்கிறது. வெளி மின்சாரம் போனதும் அந்த விசிறி தானாக ஓடவும், என் போனுக்கு ஒரு செய்தி வரவும் ஒரு ரிலேயும் (தானாக மாறும் சுவிட்ச்) சிம் வைத்த ஒரு சின்ன கருவியும் போதும். நாங்களே வெளியில் வாங்கி ஒட்டிக்கொள்கிறோம். கேட்டால் "கூடுதல் வசதி" என்கிறார்கள். கதவோரம் நிறம் மாறும் விளக்கு மட்டும் எல்லா மாடலிலும் சேர்ந்தே வருகிறது.

குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்யும்போது, தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கக் குழாயிலும் கழிவறைக் கிண்ணத்திலும் ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல புட்டிகளில் "நச்சற்றது" என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அதில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைப்போலச் சிறுநீரகத்தை அழிக்காது என்பது உண்மை, ஆனால் பூனையின் சிவப்பணுக்களுக்கு அது ஆகாது, பூனை உணவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996-லேயே தடை போட்டுவிட்டது. ஒரு நக்கு நக்கினால் செத்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் கழிவறைக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிற பூனைகள் உண்டு. வண்டியை ஒப்படைக்கும்போது "பூனை இருந்தால் முதலில் நன்றாகக் கழுவி விடுங்கள்" என்று ஒரு வாய்வார்த்தை, அதற்குமா செலவு?

பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், விடுகிறேன். காற்று வெளியேறும் வழியோடு ஒரு கீழ் அலமாரி, அதில் பூனை நுழைய ஒரு வாசல், எனக்கு அது போதும். அப்புறம், கட்டியாகும் மணலைக் கழிவுத் தொட்டியில் கொட்டக்கூடாது என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள், அந்த மணல் உண்மையில் களிமண், தண்ணீரில் ஊதிப் பெருகும், தொட்டிக்குள் இறுகிவிட்டால் கழற்றுகிறவர் பாடு திண்டாட்டம். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு காட்டும் கருவியைத் தரையோரம் வைக்கிறீர்கள், சரியான இடம்தான், ஆனால் பூனை முடி உருண்டு சேர்வதும் அங்கேதான், கழற்றித் துடைக்கிற மாதிரி ஒரு வலை வையுங்கள். ஓடும்போது கூண்டைக் கட்டிப்போட தரையில் நாலு வளையம் வையுங்கள், கூண்டுக்கு வெளியே விட்ட பூனை பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று ஓட்டுகிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் விலை கொஞ்சம் ஏறும் என்றால் ஏற்றுங்கள், எங்களில் பலர் கொடுப்போம். ஒரே நேரத்தில் எல்லாம் முடியாது என்றால் ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள், ஓட்டைகள் அடுத்தது, மற்றவை பிறகு. என் வண்டியில் நான் அடைத்த ஒவ்வொரு ஓட்டையின் இடமும் அளவும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது வேண்டும் என்றால் படத்தோடு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பூனைகளோடு வண்டியில் குடியிருக்கும் ஒருவர்