கண்ணாடிக்குப் பட்டை தைத்துக் கொடுத்த அண்ணனுக்கும் உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் மகளுக்கு இரண்டு கண்களிலும் பிறவிக் கண்புரைக்கான அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மதுரையிலிருந்து வீடு திரும்பிவிட்டோம். நாங்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத இப்போது மனத்தில் தெம்பில்லை. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிச் சென்ற இடத்தில் அவள் கண்ணின் பாவையில் தெரிந்த வெண்மையைக் கவனித்து, உடனே போகச் சொல்லி விரட்டிய கிராம சுகாதாரச் செவிலியர், அரவிந்த் கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு மருத்துவர்கள், மயக்க மருந்துக்காகப் பால் நிறுத்தப்பட்டு அவள் வீறிட்டழுதபோது தோளில் போட்டு உலாத்திய செவிலியர்கள், கேட்காமலே பணம் அனுப்பிய உறவினர்கள் அனைவருக்கும் நன்றி.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அண்ணனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கண்ணுக்குள் புரை படிந்த வில்லையை (லென்ஸை) அகற்றிவிட்டதால், செயற்கை வில்லை பொருத்தும் வயது வரும்வரை, அவள் விழித்திருக்கும் நேரமெல்லாம் தடித்த கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத முகத்தில் அது நிற்குமா? வழுக்கி வாய்க்கு வந்துவிடும். நாங்கள் அதை அவர் கடையில் வாங்கவுமில்லை. ஆயினும், காத்திருந்தவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூங்கிய குழந்தையின் தலையை நாடாவால் அளந்து, காதுக் கம்பிகளைக் கழற்றி, மெல்லிய எலாஸ்டிக் பட்டையைக் கோத்துத் தம் கையாலேயே ஊசி நூல் கொண்டு தைத்தார். மல்லாந்து படுக்கும் பிள்ளைக்குப் பின்மண்டையில் முடிச்சு உறுத்தும் என்று, அதைக் காதுக்கு மேலே பக்கவாட்டில் தள்ளி வைத்தார். பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. பணம் நீட்டியபோது, "காசு இருக்கட்டும்மா, தலை வளர வளரப் பட்டை இறுகும். மாசம் ஒருக்கா பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் செய்ததை மருத்துவத்துக்கு வெளியே வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பச்சிளம் பருவத்தில் தெளிவான உருவம் விழித்திரையில் விழாவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை என்றும், கைக்குழந்தையின் உலகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பதால் கண்ணாடியையும் அந்தத் தூரத்துக்கே எழுதிக் கொடுத்திருப்பதாகவும் மருத்துவர் விளக்கினார். கண்ணாடி நழுவிக் கிடந்தால் அறுவை சிகிச்சையின் பலன் பாதிகூடத் தங்காது. இப்போது அவள் என் தாலிக்கொடியை எட்டிப் பிடிக்கிறாள்.

பிறவிக் கண்புரைக்குப் பிறந்த 6 முதல் 8 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது என்பதை, திருஷ்டி என்றும் போகப் போகச் சரியாகும் என்றும் சொல்வோர் நிறைந்த எங்கள் தெருவில், பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்வதாக நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மகளுக்கு இந்தப் பிரேம் சிறியதானதும், பட்டையோடு அதை அந்த அண்ணனிடமே கொடுத்துவிடுவோம். இப்படி இன்னொரு குழந்தை வந்தால் அவருக்கு அளவு பார்க்க உதவும்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா