கார்பன் புள்ளிகளைக் கழுவிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்பன் புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நுண்துகள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் எம்.எஸ்சி. மாணவர்கள் ஆர்வமாகப் படித்தார்கள். எலுமிச்சைச் சாற்றை ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலனில்) சூடாக்கினால் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் திரவம் கிடைப்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் அந்தத் துகளின் மேற்பரப்பில் என்னென்ன இருக்கின்றன, அதை எப்படிக் கண்டறிவது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். இந்தத் துறையில் அதிகம் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

2004-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், நானோகுழாய் கலந்த புகைக்கரியைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கிடைத்தவை இந்தத் துகள்கள். அளவு 10 நானோமீட்டருக்கும் கீழே. இவ்வளவு சிறிய துகளில் அணுக்களில் கணிசமான பங்கு வெளிப்புறத்திலேயே இருக்கும். அது தண்ணீரில் கரையுமா, உலோக அயனியைப் பிடிக்குமா என்பதெல்லாம் அங்குள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில், அமைன் என்ற அணுத்தொகுதிகளைப் பொறுத்தது.

முதலில் கழுவ வேண்டும். சிட்ரிக் அமிலத்தோடு எத்திலீன்டையமீன் சேர்த்துச் சூடாக்கினால், துகள்களோடு பிரகாசமாக ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி வைக்காவிட்டால் நாம் அளப்பது துகளையா, அந்த மூலக்கூறையா என்றே தெரியாது. பைக்கு வெளியே உள்ள தண்ணீரையும் விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதுவும் நீலமாக ஒளிர்ந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம் எஃப்.டி.ஐ.ஆர்., அதாவது மாதிரி எந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுகிறது என்று காட்டும் சோதனை. அதன் நிறமாலையில் 3400 (அலகு செ.மீ.⁻¹) பக்கம் அகலமான மேடு தெரிந்ததும் ஹைட்ராக்சில் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். மாதிரியைக் கலந்து பெல்லட்டாக (சிறு வில்லையாக) அழுத்தப் பயன்படும் பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதிரியே சேர்க்காமல் வெறும் பெல்லட்டை வைத்தாலும் அந்த மேடு வரும், 1640 அருகிலும் ஒன்று வரும். வெறும் பெல்லட்டின் நிறமாலையைப் பக்கத்தில் காட்டாத படத்தை நான் நம்புவதில்லை. கார்பாக்சிலுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து உலர்த்தி மறுபடி எடுத்தால், 1710-ஐ ஒட்டிய மேடு குறைந்து 1580 பக்கம் புதிதாக ஒன்று எழ வேண்டும்.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மேற்பரப்பு அணுக்களை அறியும் எக்ஸ்.பி.எஸ். கருவி எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. காசு கட்டி வெளியே கொடுத்து எடுத்தாலும், நிறமாலையில் வரும் கார்பன் மேட்டை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பது பிரிப்பவர் கையில் இருக்கிறது. காற்றிலிருந்து படியும் கார்பனும் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தக் கருவி சில நானோமீட்டர் ஆழம் வரை பார்ப்பதால், 3 நானோமீட்டர் துகளில் உள்ளும் புறமும் கலந்தே பதிவாகும்.

ப்யூரெட்டும் பி.எச். மீட்டரும் எல்லா ஆய்வகத்திலும் இருக்கின்றன. நைட்ரஜன் செலுத்திக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிதானமாக டைட்ரேஷன் செய்தால், ஒரு கிராமில் எத்தனை மில்லிமோல் அமிலத் தொகுதி என்று எண்ணாகவே சொல்லலாம். அதைப் படிப்படியாக விளக்கும் கட்டுரை ஒன்றை அதே கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை, திருச்சி