மெட்டு எடுத்த கிட்டார்

அன்புள்ள கண்ணுக்கு,

புரட்டாசியில் நீ போன் பண்ணி, "ஃப்ரெட்லெஸ் பேஸ் ஒண்ணு வேணும்ப்பா, தவணையில எடுத்துடட்டுமா?" என்று கேட்டாய். தவணை வேண்டாம், கொஞ்ச நாள் பொறு என்றேன். இப்போது கிட்டார் தயார். அதை எப்படி வாங்கினேன், என்ன செய்தேன் என்பதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். இனிமேல் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது நீதானே.

சேலத்தில் விசாரித்த இடத்திலெல்லாம் பழைய ஃப்ரெட்லெஸ், அதாவது மெட்டு (கழுத்தின் மேல் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) இல்லாத பேஸ் கிட்டார், இல்லை என்றார்கள். கச்சேரிக் குழுவில் பேஸ் வாசிக்கிறவர்கள் மெட்டு வைத்த கிட்டாரைத்தான் விரும்புவார்கள். மேடையில் டிரம்ஸ் முழங்கும்போது தன் சத்தம் தனக்கே கேட்காது, விரலுக்கடியில் மெட்டு இருந்தால்தான் தைரியம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நான் வாசித்ததும் அப்படித்தான். அதனால் மெட்டு உள்ள ஒன்றை மலிவாக வாங்கி, மெட்டுகளை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விலை கொடுத்து வாங்கிய நல்ல கிட்டாரில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. மறுபடி மெட்டு வைப்பது லேசான காரியம் இல்லை.

மூன்று கிட்டார் பார்த்தேன். சூரமங்கலத்தில் இருந்தது பளபளவென்றிருந்தது. ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பார்த்தால் முறுக்கேறியிருந்தது. வளைந்த கழுத்தை நிமிர்த்தலாம், முறுக்கிய கழுத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான டிரஸ் ராட் ஏற்கெனவே கடைசிவரை முடுக்கப்பட்டிருந்தது, அதற்கு மேல் திருப்ப இடமில்லை. மூன்றாவதைக் குகைப் பக்கம் ஒரு பையன் வைத்திருந்தான். பெயின்ட் உரிந்து, வால்யூமைத் திருப்பினால் கரகரவென்றது. கழுத்து மட்டும் நூல் பிடித்த மாதிரி நேர். டிரஸ் ராடும் இரண்டு பக்கமும் இலகுவாகத் திரும்பியது. 6,500 ரூபாய்க்குக் கொடுத்தான். கரகரப்பு, காண்டாக்ட் கிளீனரை ஒரு தரம் அடித்ததும் போய்விட்டது.

மெட்டு எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மெட்டின் மேல் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்கினால் அடியில் இருக்கும் பசை இளகும். பிறகு ஓரத்தில் குறடால் பிடித்து, நெம்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகர்ந்து தூக்க வேண்டும். மூன்றாவது மெட்டில் அவசரப்பட்டுவிட்டேன், நெல்லளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதை அப்படியே வைத்து ஒட்டித் தேய்த்தேன். விரலில் தட்டாது. பார்த்தால் தெரியும், அதற்காக மனம் வருந்தாதே.

மெட்டு இருந்த வெட்டுகளைச் சும்மா விட்டால், கம்பி இழுக்கிற இழுப்பில் கழுத்து வளைந்து கொடுக்கும். செவ்வாய்ப்பேட்டை பிளைவுட் கடையில் அரை மில்லிமீட்டர் கனத்தில் வெளிர்நிற வினீர் என்கிற மரத்தகடு வாங்கி, பட்டை பட்டையாக வெட்டிச் செருகி ஒட்டினேன். பிறகு நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, 120, 220, 400 எண் தாள்களாகச் சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே, விரல் வைக்கும் பலகையின் வளைவு மாறாமல் தேய்த்தேன். கறுத்த ரோஸ்வுட்டில் இப்போது இருபது வெள்ளைக் கோடுகள். உன் அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "அம்மிக்கல் மாதிரி வழவழன்னு இருக்கு" என்றாள்.

மெட்டுகள் போனதும், அவற்றின் உயரம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கம்பியைக் கூடுதலாக அழுத்த வேண்டியதாயிற்று. தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டையில் பள்ளத்தைச் சின்ன அரத்தால் ஆழமாக்கினேன். அங்கே கம்பிக்கு அடியில் ஒரு தாள் நுழைகிற இடம்தான் விட்டிருக்கிறேன். உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜிலும் இறக்கினேன். பன்னிரண்டாவது கோட்டில் தடித்த ஈ கம்பி 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கழுத்து கிட்டத்தட்ட நேர். நீ ஆசைப்படுகிற அந்த 'ம்வா' என்று விரியும் நாதம், கம்பி இப்படித் தாழ்ந்து பலகையை லேசாக உரசினால்தான் வரும்.

கிட்டாருக்கு அடுத்து அதிகச் செலவு கம்பிக்குத்தான். தட்டையான நாடா சுற்றிய பிளாட்வவுண்ட் போட்டிருக்கிறேன். உருண்டையான இழை சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்று அரம் மாதிரி மரத்தை அறுக்கும். ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பெயர்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ரவுண்ட்வவுண்ட் போட்டார், அதனால் படகுக்குப் பூசும் எபாக்ஸி என்கிற கெட்டிப் பிசினைப் பலகைக்குப் பூச வேண்டியிருந்தது. அவர் சத்தத்தில் இருக்கும் அந்தப் பிரகாசம் பிளாட்வவுண்டில் வராது. உனக்கு அதுதான் வேண்டுமென்றால் பிறகு யோசிப்போம். பழகும் காலத்தில் பலகை தேயாமல் இருக்கட்டும்.

இப்போது உன் விரலைப் பற்றி. மெட்டு உள்ள கிட்டாரில் மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பழகியிருப்பாய். இதில் விரல் நுனி கோட்டின் மேலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் சுரம் இறங்கித்தான் பேசும். முதல் கோடு தலைப்பக்கத்து வெள்ளைக் கட்டையிலிருந்து கிட்டத்தட்ட 2 அங்குலம் தள்ளி இருக்கிறது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் 1 அங்குலம்தான். மேலே போகப் போக விரல் தடுமாறுவது இதனால்தான். ஆரம்பத்தில் கோட்டைப் பார், தப்பில்லை. ஆனால் தினமும் கால் மணி நேரம் தம்புராவை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுரமாக நிறுத்து. அத்தை வயலின் பழகும்போது நீ திண்ணையில் உட்கார்ந்து, சுரம் சேராத இடத்தில் முகம் சுளிப்பாயே, உனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் காதை நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஒன்று மறக்காதே. இதையெல்லாம் ஏற்காட்டில் ஐப்பசி மழைக்குள் செட் செய்தேன். வீட்டுக்குள்ளேயே பனி நுழைகிறது, மரம் ஈரம் குடித்திருக்கிறது. நீ இருக்கும் அகமதாபாத்தின் வறட்சிக்கு அது அசையும். பெட்டி வந்ததும் ஒரு ராத்திரி திறக்காமல் வை. இரண்டு வாரம் சும்மா சுருதி சேர்த்து வாசி. அதன் பிறகும் தலைப்பக்கத்துக் கோடுகளில் கம்பி பலகையில் அடித்தால், கழுத்து பின்பக்கமாக வளைந்திருக்கும். உறையின் முன்பையில் ஆலன் சாவி இருக்கிறது. டிரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்து, மறுநாள் பார். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், எனக்குப் போன் பண்ணு. அதே பையில் அம்மா நம் தோட்டத்து மிளகு கட்டி வைத்திருக்கிறாள்.

முதல் நாள் எனக்கு வாசித்துக் காட்டு. ஈ கம்பியின் அடிநாதம் போனில் வராது, மெல்லிய ஜி கம்பியில் வாசி.

அன்புடன்,
அப்பா
நாகலூர், ஏற்காடு