எறியமுதல் ஒருக்கா விரித்துப் பார்

முள்ளியவளை

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளவத்தை வீட்டுக்கு மாறுகிற அலுப்பில் பழைய சீலை மூன்று, மருமகனின் சாரம் இரண்டு, துவாய், போத்தல் எல்லாவற்றையும் கட்டி எறியப்போகிறேன் என்று போனில் சொன்னாய். எறியாதே பிள்ளை. குசினி வாசலுக்கு மிதியடி வாங்கவேணும், சந்தைக்குப் பை வாங்கவேணும் என்றும் அதே வாயால்தான் சொன்னாய். மிதியடியும் பைக்குப் பிடியும் அந்த மூட்டைக்குள்ளேயே கிடக்கின்றன. போனில் அளவு சொன்னால் மறந்துபோவாய் என்றுதான் எழுதுகிறேன். காலபோக வயலுக்கு உரம் போட்டு முடிந்ததால் இங்கே வீட்டுக்கு வீடு உரப்பை குவிந்து கிடக்கிறது. அதில் நல்லதாக நாலு, ஒரு சைக்கிள் ரியூப், ஒரு பந்து வலைநூல், சாக்கூசி ஒன்று, எல்லாம் பார்சலில் வருகுது.

கத்தரிக்கோலைக் கையில் எடுக்கமுதல் ஒவ்வொரு துணியையும் யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார். பழசு என்றால் முழுதும் பழசு இல்லை. சீலையில் குதிக்கால் படுகிற கரையும், தோளில் ஊசி குத்துகிற இடமும், வருசக்கணக்காய் மடித்து வைத்த மடிப்பும்தான் நையும். நடு உடம்பு நன்றாக இருக்கும். சாரத்தில் இருக்கிற இடம் நைந்துபோகும், கரை அப்படியே இருக்கும். பெட்சீட்டும் துவாயும் நடுவில் தேயும். நல்லது எது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், மூன்று அங்குல இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழு. ‘சர்’ரென்று விட்டுக்கொடுத்தால் அந்தத் துண்டு துடைக்கிற துணிதான், பாரம் தாங்கிற எதற்கும் ஆகாது. நெடுக்காலும் இழு, குறுக்காலும் இழு. ஒரு பக்கம் மட்டும் உக்கின துணி நிறைய உண்டு.

பிறகு எது பருத்தி, எது நைலோன், பொலியெஸ்டர் என்று பிரி. ஓரத்தில் ஒரு நூலை இழுத்து, சிரட்டைக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கறுத்த மணிபோல் இறுகும். உருகிச் சொட்டும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம். இரண்டையும் ஒரே மிதியடிக்குள் கலக்காதே. பருத்தி கழுவக் கழுவச் சுருங்கும், மற்றது சுருங்காது. மூன்றாம் கழுவலில் மிதியடி அப்பளம்போல் நெளிந்து நிற்கும். குளியலறை வாசலுக்குப் பருத்தி, அது தண்ணீரைக் குடிக்கும். வெளிவாசலுக்கு நைலோன் சீலை, மண்ணை உதறினால் போய்விடும்.

சிவப்பும் மெரூனும் சாயம் விடும். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார். ஒட்டினால் அதைத் தனி மிதியடியாகச் செய். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்லுவினம். நிற்காது.

இனி மிதியடி. சீலை ஐந்தரை மீற்றர் நீளம், 45 அங்குல அகலம். கரையை வெட்டிவிட்டு, நீளவாக்கில் 3 அங்குலத்துக்கு ஒரு வெட்டு வைத்துக் கையால் கிழி. பருத்தி தன் இழையோடு நேராகக் கிழிந்து வரும், கத்தரித்தால் கோணும். நைலோன் கிழியாது, அதைக் கத்தரிக்கத்தான் வேணும். ஒரு சீலையில் கரை போக 14 துண்டளவில் வரும். நைந்ததைக் கழித்து 10 தேறினால் ஒன்றரை அடிக்கு இரண்டடி மிதியடி ஒன்றுக்குப் போதும். அதற்கு ஏறத்தாழ 12 மீற்றர் பின்னல் வேணும். பின்னினால் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறையும், மூன்றடித் துண்டு இரண்டடிப் பின்னலாகும். இந்தக் கணக்கை மறந்தால் பாதியில் துணி முடிந்துபோகும்.

ஐந்தரை மீற்றரை அப்படியே வைத்துப் பின்னாதே, சிக்கிவிடும். மூன்று, நாலு, ஐந்து முழமாக நறுக்கு. மூன்று இழைக்கும் மூன்று வேறு நீளம் எடு. அப்போதுதான் ஒட்டுகள் ஒரே இடத்தில் வராது. மூன்று ஒட்டும் ஓரிடத்தில் வந்தால் அங்கே முடிச்சுப்போல் பொம்மி, காலில் உறுத்தும். ஒட்டுவதற்குத் தையல் தேவையில்லை. இரண்டு துண்டின் நுனியிலும் அரை அங்குலம் உள்ளே தள்ளிச் சின்னக் கீறல் ஒன்று போடு. பின்னலிலிருக்கிற துண்டின் நுனியைப் புதுத் துண்டின் கீறலுக்குள் நுழை. புதுத் துண்டின் மறு நுனியைப் பழையதின் கீறலுக்குள் விட்டு முழுதும் இழு. இரண்டு கொக்கி மாட்டினதுபோல் இறுகும். கீறலை நீளமாகப் போட்டாயென்றால் அது கிழிந்துகொண்டே போகும்.

ஒவ்வொரு துண்டையும் கிழிந்த ஓரம் உள்ளே போக மூன்றாக மடித்துப் பின்னு. மடிக்காவிட்டால் நூல்நூலாய்ப் பிரிந்து வீடெல்லாம் பறக்கும். மூன்று நுனியையும் சேர்த்து யன்னல் கம்பியில் கட்டு. இறுக்கம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தலை பின்னுகிற இறுக்கம். கயிறுபோல் விறைத்தால் சுற்றும்போது வளைந்து கொடுக்காது. தொளதொளத்தால் இடுக்கில் மண் தங்கும்.

இனித் தைப்பதுதான் முக்கியம். பிழைக்கிறதும் இங்கேதான். நீள்வட்டத்துக்குத் தொடக்கக் கோடு எவ்வளவு என்று எல்லோரும் தடுமாறுவார்கள். கணக்கு லேசு: நீளத்திலிருந்து அகலத்தைக் கழி. இரண்டடியில் ஒன்றரை அடி போனால் 6 அங்குலம். அந்த 6 அங்குலத்தை நேராக வைத்து, பின்னலை அதன் பக்கத்தாலே திருப்பிச் சுற்றிக்கொண்டு போ. மேசையில் அல்லது நிலத்தில் வைத்துத் தை. மடியில் வைத்துத் தைத்தால் மடியின் வளைவு அதற்குள் ஏறிவிடும். ஊசி துணியைக் குத்தக்கூடாது; பின்னலின் கண்ணுக்குள்ளாலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறிப் போகவேணும். சாக்கூசியின் முனை கூர், அதனால் நூல் கோர்த்த காதுப்பக்கத்தை முன்னுக்கு விட்டுத் தள்ளு, சுகமாய்ப் போகும். நூல், நான் அனுப்புகிற முறுக்கின வலைநூல். தங்கூசி (ஒற்றை நைலோன் நரம்பு) பலமென்று நினைத்து அதைப் போடாதே; அது பழைய பருத்தியைக் கத்திபோல் அறுக்கும்.

நேர்ப்பக்கத்தில் உள்கண் ஒன்றுக்கு வெளிக்கண் ஒன்று எடு. வளைவில் வெளிச்சுற்று நீளம் கூட, அதனால் இடைக்கிடை ஒரு வெளிக்கண்ணைத் தவறவிட்டு அடுத்ததை எடு. விடாமல் ஒன்றுக்கொன்று எடுத்தாயானால் ஓரம் மேலெழும்பிச் சட்டிபோல் குழியும். கூட விட்டால் ஓரம் அலையடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிலத்தில் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார். குழிந்தாலோ நெளிந்தாலோ அந்தச் சுற்றைப் பிரி. ‘மிதிக்க மிதிக்கச் சரிவரும்’ என்று விடாதே, ஒருநாளும் சரிவராது.

மாபிள் தரையில் துணி மிதியடி வழுக்கும். சின்னவள் நடக்கத் தொடங்கியிருக்கிறாள், அதற்குத்தான் ரியூப். வால்வுப் பக்கத்தை வெட்டி எறி. ரியூப்பை நெடுக்காகப் பிளந்து உள்ளே இருக்கிற வெள்ளைத் தூளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தூள் இருந்தால் றப்பர் பிடிக்காது. ஒரு அங்குலப் பட்டியாக நாலு வெட்டி, மிதியடியின் அடியில் குறுக்கே வைத்து நுனியிலும் நடுவிலும் தை. பட்டியில் ஊசித்துளை நெருக்கமாக விழக்கூடாது, துளையோடு கிழியும். வெள்ளை மாபிளில் றப்பர் கறுத்த தடம் விடலாம். கிழமைக்கு ஒருமுறை தூக்கித் துடை. எண்ணெய் படவிடாதே, றப்பர் ஊதி இளகிப்போகும்.

சீலை வெட்டுவது பற்றி ஒரு சொல். 2009 இல், போரின் கடைசியில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மண்மூட்டை தைக்க உரப்பை இல்லாமல் சனம் சீலைகளைத்தான் வெட்டியது, கூறைச்சீலையும் அதில் போனது. இந்த ஊரில் சீலையில் கத்தரி வைப்பது ஒருவருக்கும் லேசான காரியமில்லை. உன் கூறையை வெட்டாதே, பருத்தித் துணியில் சுற்றி வை. மற்றதுகளை மனமார வெட்டு.

பை தைக்க உரப்பை. முதலில் பையை மடித்து நகத்தால் சுரண்டிப் பார். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது, தைத்தும் பிரயோசனமில்லை. பிளாஸ்டிக் இழைக்கு எங்கள் வன்னி வெயில்தான் எமன். உனக்கு அனுப்புவது நிழலில் இருந்தவை. உள்பொலித்தீனை எடுத்துவிட்டு இரண்டு தரம் கழுவியிருக்கிறேன், நீ இன்னொரு தரம் கழுவு. அந்தத் தண்ணீரைச் சாடிக் கன்றுக்கு ஊற்றாதே. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், சின்னக் கன்று கருகிவிடும். கழுவினாலும் அது உரப்பைதான்: மரக்கறிக்குச் சரி, அரிசி பருப்பை வெறுமனே கொட்டி வைக்கக் கூடாது. பூச்சிமருந்து வந்த பையோ போத்தலோ என்றால் எதற்குமே எடுக்காதே.

அடியிலுள்ள சங்கிலித் தையலின் ஒரு நுனியை வெட்டி நூலை இழு, சரசரவென்று பிரியும். பிரியாவிட்டால் மறு நுனியிலிருந்து இழு. இரண்டு பக்கத்தையும் நெடுக்காக வெட்டினால் 24க்கு 40 அங்குலத்தில் இரண்டு துண்டு, இரண்டு பை. துண்டை நடுவால் மடித்தால் மடிப்பே அடியாகிறது. அடியில் தையல் இருந்தால் அங்கேதான் முதலில் பிரியும். எழுத்து அடித்த பக்கம் உள்ளே போகட்டும்.

மடிக்கமுதல், துண்டு தட்டையாகக் கிடக்கும்போதே இரண்டு வாய்ப்பக்கத்தையும் ஒவ்வொரு அங்குலமாக இரண்டு மடி மடித்துத் தை. ஒரு மடி போதாது, வெட்டின இழை கழன்றுவிடும். பிறகு பிடி. சாரத்தின் நல்ல பகுதியில் 4 அங்குலப் பட்டி கிழித்து, நாலு மடியாக்கி ஒரு அங்குலமாகத் தை. மொத்தம் 10 அடி வேணும், ஒரு சாரத்தில் இரண்டு துண்டு எடுத்து ஒட்டினால் வரும். அதை வளையமாக்கி, 8 அங்குல இடைவெளியில் இரண்டு கோடாக வாயிலிருந்து அடியைச் சுற்றி மறுவாய் வரைக்கும் வைத்துத் தை. இரண்டு வாயிலும் 22 அங்குலம் பிடியாக நிற்கும். பட்டியின் ஒட்டு பையின் அடியில் வரட்டும். கடையில் விற்கிற பை பிடியோடு கழன்று வருவது, பிடியை வாயில் மட்டும் தைப்பதால்தான். அடியைச் சுற்றின பட்டி என்றால் பாரத்தைப் பட்டி தூக்கும், பை சும்மா சாமான் உருளாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக மடித்துப் பக்கம் இரண்டையும் ஒரு அங்குலம் விட்டுத் தை. அடி மூலையை முக்கோணமாகப் பிடித்து, 6 அங்குல அகலம் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு தையல் போட்டால் பை நிலத்தில் நிற்கும். 16 அங்குல அகலம், 15 உயரம், 6 அங்குல அடி. மெசினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வை. சின்னத் தையல் பலமென்று நினைக்காதே. நெருங்கின துளை தபால் முத்திரைத் தாள்போல் வரிசையாகக் கிழியும். தைத்த பிறகு இஸ்திரிக்கை வைக்காதே, உருகிவிடும்.

போத்தலில் கீரை வைப்பதை நீயே செய்வாய். ஒன்றரை லீற்றர் போத்தலைத் தோளுக்குக் கீழே வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் இறக்கு. மூடியில் துளை போட்டு நைலோன் சீலைத் திரியை மேல்பாதி மண்ணிலிருந்து கீழ்ப்பாதித் தண்ணீருக்கு விடு. பருத்தித் திரி உக்கிப்போகும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரம் விரும்புவதால் நன்றாக வரும். கீழ்ப்பாதிக்கு வெளியே துணி சுற்று, வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். எல்லாவற்றிலும் பெரிது: இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள இடுக்கைத் துணியால் இறுக்கி அடை, கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு உரசிக் கழுவு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதைக் கவனிக்க நேரமில்லையென்றால் இதைச் செய்யவே வேண்டாம்.

ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கு செய்யாதே, கரண்ட் போனாலும் செய்யாதே. போருக்குள் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தது அது. தட்டுப்பட்டுச் சரிந்தால் எண்ணெய் கொட்டி உடுப்பில் பிடிக்கும். அப்படி எரிந்து வருகிறவர்களைக் கண்டுதான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர குட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட விளக்கைச் செய்தார். சரிந்தாலும் உருளாது, கொட்டாது. அதற்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஜாம் போத்தலில் கடுகு, வெந்தயம் போட்டு வை.

பார்சலை வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் போடுவேன், மருமகனை விடிய எடுக்கச் சொல். வலைநூல் பந்தை உள்நுனியிலிருந்து இழு. உள்நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். வெளிநுனியை அவிழ்த்தால் பந்து உருண்டு சிக்கும்.

அன்புடன்
அம்மா