திருகோணமலை மரண உதவிச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வழமையான விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இவ்வாண்டு சங்கம் புதிதாகக் கைக்கொண்ட ஒரு காரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசச் சபையின் அனுமதியை வேண்டுகிறேன். சங்க விதிகளான யாப்பின்படி கூட்டங்கள் நடைபெற்றன. துக்கம் நேர்ந்த வீடுகளுக்குக் கதிரைகள், தகரக் கொட்டகை, கிடாரம், தேநீர்ப் பாத்திரங்கள் ஆகியன கேட்ட அன்றே சென்றன. உதவிப் பணமும் தாமதமின்றிக் கையளிக்கப்பட்டது. மண்டபக் கூரையின் மேற்குப் பக்கம் மாரியில் மறுபடியும் ஒழுகியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இனி அந்தப் புதிய காரியம். சனிக்கிழமை மாலைகளில் எமது மண்டபத்துத் தொலைக்காட்சியில் 'ஸ்பிரிட்ஃபேரர்' என்னும் வீடியோ கேம் விளையாடப்பட்டு வருவதை அங்கத்தவர் பலரும் அறிவீர்கள். அதை அனுப்பிவைத்தவர் கனடாவில் வாழும், எம் அங்கத்தவர் ஒருவரின் மகன். தகப்பனின் செத்தவீட்டுக்கு வர முடியாமல், சடங்கு முழுவதையும் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கிழமைகளில் தமக்குத் துணையாக இருந்தது இதுதான் என்றும், தம் தகப்பனுக்குப் பந்தல் போட்ட சங்கம் இதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் எழுதி, தாம் பாவித்த நின்டென்டோ சுவிட்ச் கருவியையும் விளையாட்டையும் பொதி செய்து அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை நிர்வாக சபையில் வாசித்தபோது, வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மொன்றியல் நகரிலுள்ள தண்டர் லோட்டஸ் நிறுவனம் 2020 ஓகஸ்டில் வெளியிட்டது. இறப்பைப் பற்றிய இதமான நிர்வாக விளையாட்டு என்றுதான் அவர்களே அதை அழைக்கிறார்கள். இறந்தவர்களைக் கரை சேர்க்கும் பொறுப்பை, கிரேக்கக் கதைகளில் வரும் ஓடக்காரனான கேரனிடமிருந்து ஸ்டெல்லா என்ற இளம்பெண் ஏற்கிறாள். டாஃபடில் என்ற பூனை அவளுடன் வருகிறது. இரண்டாவது ஆள் விளையாட விரும்பினால் அந்தப் பூனையாக விளையாடலாம். கடலில் ஊர் ஊராகச் சென்று, விலங்கின் உருவில் வரும் ஆவிகளைக் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மான், தவளை, முள்ளெலி, பாம்பு, சிங்கம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு உரு. அவர்களுக்குக் கப்பலிலேயே வீடு கட்டிக்கொடுத்து, தோட்டம் செய்து, நூல் நெய்து, சமைத்துக்கொடுத்து, கேட்டால் கட்டியணைத்து, மனத்தில் மிச்சமிருப்பதை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கூட இருக்க வேண்டும். போகலாம் என்று அவர்களே சொல்லும் நாளில், எவர்டோர் எனப்படும் கல்வளைவுக்குச் சிறு தோணியில் ஏற்றிச் சென்று விடைகொடுக்க வேண்டும். எதிரி இல்லை, தோல்வி இல்லை, அவசரமும் இல்லை. இரவானால் கப்பல் ஓடாது.

விளையாட்டில் தமிழ் இல்லை. எனவே ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் வரிக்கு வரி உரத்து மொழிபெயர்க்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதே எங்கள் முறையாயிற்று. முதல் மாலையிலேயே ஸ்டெல்லாவின் கப்பலுக்கு என்ன பெயர் சொல்வது என்ற கேள்வி வந்தது. கப்பல் என்றால் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல் நினைவுக்கு வருகிறது. தோணி என்றால் மிகச் சிறிது. கிண்ணியாவில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்ட அம்மா ஒருவர், "அது பாதைதானே" என்றார். 2009இல் பாலம் திறக்கப்படும் வரைக்கும் கிண்ணியாத் துறையைச் சனமும் வாகனமும் கடந்தது பாதையில்தான். எம் பகுதியில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல, நீரைக் கடத்திவிடும் மிதவையும் அதுவே. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்ததை அறிந்த மக்கள் நாம். அந்தச் சொல்லைச் சாதாரணமாக எடுத்தாள முடியாது என்று சிலர் தயங்கினார்கள். அந்த அம்மா, அதனால்தான் அந்தச் சொல் வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஸ்டெல்லா எங்களுக்குப் பாதைக்காரி.

செத்தவீட்டுக் காரியம் பார்க்கும் சங்கத்தில் விளையாட்டு எதற்கு என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்திருந்தார். அவரது கேள்வி நியாயமானது. ஆகவே இச்சபையிலேயே மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இறந்த எட்டாம் நாளான எட்டுச்சிலவு அன்று நாம் என்ன செய்கிறோம்? போனவர் விரும்பிச் சாப்பிட்ட மீனோ இறைச்சியோ பலகாரமோ தேடிச் சமைத்துப் படைக்கிறோம். முப்பத்தோராம் நாள் வரையில் அவர் இன்னும் வீட்டைச் சுற்றியே இருக்கிறார் என்று எண்ணி விளக்கேற்றுகிறோம். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ததாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய், ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்து அந்தியேட்டிக் கிரியையை முடித்த பின்னரே அவரை அனுப்பிவைத்ததாகக் கொள்கிறோம். கத்தோலிக்கக் குடும்பங்களும் முப்பத்தோராம் நாள் பூசை வைக்கின்றன. மொன்றியலில் இருப்பவர்கள் இதையெல்லாம் அறிந்து இந்த விளையாட்டைச் செய்திருக்கமாட்டார்கள். ஆனாலும் ஸ்டெல்லாவின் பாதையில் நடப்பது அந்த முப்பத்தொரு நாட்களில் நடப்பதுதான் என்பதை எங்களில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பயணிகளில் பலருக்கும் பிடித்த உணவு ஒன்று உண்டு, ஆகாத உணவும் உண்டு. ஒரே கறியை அடுத்தடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். இன்னாருக்கு என்ன பிடிக்கும் என்று தேடித் தேடிச் சமைக்கும் அந்த வேலையில் எங்கள் பெண்கள் காட்டிய கவனத்தை நேரில் பார்த்திருந்தால், ஆட்சேபித்த ஐயாவும் மனம் மாறியிருப்பார் என நம்புகிறேன்.

ஆண்களில் பலர் முதலில் கதவடியில் நின்றே பார்த்தார்கள். உள்ளே வந்து முதலில் அமர்ந்தவர், ஐம்பது வருடம் கடலுக்குப் போன எங்கள் அண்ணர். பாதையின் பின்புறம் தூண்டில் போடும் இடம் ஒன்று உண்டு. மீன் கொத்தியதும் தூண்டில் நரம்பு நிறம் மாறும். சிவப்பாகும்போது இழுத்தால் அறுந்துவிடும், விட்டுப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணர் கருவியை வாங்கி, எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டார். சிவப்பு வந்ததும் பெருவிரலை எடுத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டு, மறுபடி அழுத்தினார். அடுத்த சனிக்கிழமை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு மாலைகளைப் பற்றித் தனித்துச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டுல் என்பவர் தவளை உருவில் வரும் மாமா. ஸ்டெல்லாவின் சொந்த மாமா. சாப்பாட்டுப் பிரியர், சுத்தியலும் கையுமாகத் திரிபவர், எவரையும் சிரிக்கவைப்பவர். பாதையிலுள்ள எல்லோரையும் கூட்டி ஒரு விருந்து வைக்க ஆசைப்படுவார். விருந்து சிறப்பாக நடக்கும். மறுநாள் விடிந்து பார்த்தால் அவர் இல்லை. எவர்டோருக்குக் கூட்டிப் போகவுமில்லை, அணைத்து விடைகொடுக்கவுமில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது. கருவியை வைத்திருந்த பையன் பாதையின் மேல்தட்டிலிருந்து அடித்தட்டு வரை ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடினான். எவரும் பேசவில்லை. அப்போது, 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது கடலடியில் நின்ற தம்பியை இன்றுவரை காணாத அக்கா ஒருவர், "தேடட்டும், விடுங்கோ, நாங்களும் இப்பிடித்தான் தேடினது" என்றார். சங்கத்தில் பல வருடமாக இருப்பவர் அவர். தம்பியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அதன் பின் அரை மணித்தியாலம் அவர் பேசினார், நாங்கள் விளையாடவில்லை. தம்பிக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர் என்பதும், அன்று காலை அவன் கேட்டதைச் சமைக்க அவரிடம் தேங்காய் இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தன.

எம் மாவட்டத்தில் உடல் கிடைக்காத மரணங்கள் கடலால் வந்தவை மட்டுமல்ல. அந்தக் குடும்பங்களுக்கு எட்டாம் நாள் எது, முப்பத்தோராம் நாள் எது என்ற கணக்கே இல்லை. எங்கள் கொட்டகையும் கதிரையும் அந்த வீடுகளுக்கு ஒருபோதும் போனதில்லை, ஏனெனில் யாப்பின்படி மரணச் சான்றிதழ் வேண்டும். விளையாட்டில் வரும் பிரியாவிடைகள் எல்லாம் அழகானவை. சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆவி ஒளியாகிப் போக, வானத்தில் புதிய விண்மீன் கூட்டம் ஒன்று தோன்றும். அந்த அழகு எங்களுக்கு ஆறுதல் தந்தது என்பதை மறுக்கவில்லை. என்றாலும் திருகோணமலையில் இருந்து பார்க்கும்போது, சொல்லாமல் போன அட்டுலின் கதைதான் எல்லாவற்றிலும் உண்மையானது என்பது என் எண்ணம்.

இரண்டாவது மாலை என் பிழையால் வந்தது. ஆலிஸ் என்னும் முள்ளெலிப் பாட்டி போகப்போக நினைவு தடுமாறி, ஸ்டெல்லாவைத் தன் மகள் ஆனி என்று எண்ணத் தொடங்குவார். பாதையின் முன்புறத்துக்கும் வீட்டுக்கும் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிச் செல்ல வேண்டும். அவர் நடையின் வேகத்துக்கே நாமும் நடக்க வேண்டும். நான் முன்பே பார்த்திருந்தும், சபையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணாமல் அந்தப் பகுதியைத் தொடர அனுமதித்தேன். அதே நோயில் தாயைப் பல வருடம் பராமரித்து, அவ்வாண்டு தொடக்கத்தில் இழந்திருந்த தங்கை ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தம் தாய் கடைசிவரை தம்மைப் பெரியக்கா என்றே கூப்பிட்டதாகவும், "நான் அக்கா இல்லை அம்மா" என்று திருத்தித் திருத்திக் காலத்தைக் கழித்ததே இன்று தம்மை வருத்துவதாகவும் சொன்னார். சில வாரம் கழித்து அவராகவே வந்தார். ஆலிஸை எவர்டோருக்குக் கூட்டிப்போகும் நாளில் கருவியைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது, எந்தப் பயணியின் கதை வரப்போகிறது என்பதை முதல் நாளே அங்கத்தவர்களுக்கு அறிவிக்கிறோம்.

குறையும் உண்டு. மரம், இரும்பு, நூல் என்று பொருள் சேர்ப்பதில் சில மாலைகள் வீணே நீண்டன. ஒப்பாரி இல்லாத துக்கம் முதியவர்களுக்குப் பிடிபடவில்லை. வாய்விட்டு அழாமல் எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள்.

எங்களை அதிகம் யோசிக்கவைத்த விடயத்துக்கு வருகிறேன். பயணி போன பிறகும் அவருக்குக் கட்டிய வீடு பாதையிலேயே நிற்கும். அதை இடிக்க விளையாட்டு விடாது. புதியவர்கள் ஏற ஏற, ஆளில்லாத வீடுகளைச் சுமந்துகொண்டே பாதை ஓடும். எம் சங்கம் முப்பத்தொன்று முடிந்ததும் கதிரைகளை எண்ணி ஏற்றி, பாத்திரக் கணக்கைச் சரிபார்த்து, கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அதன் பின் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து வருவதற்கு எங்கள் யாப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே ஓகஸ்ட் மாத நிர்வாக சபைக் கூட்டத்தில், மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும் ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன்னர் ஒருமுறையும் இரண்டு அங்கத்தவர்கள் அந்த வீட்டுக்குப் போய்வருவது எனப் பரீட்சார்த்தமாகத் தீர்மானித்தோம். வெறுங்கையோடு போவதில்லை, போனவருக்குப் பிடித்த ஒன்றைச் சமைத்துக்கொண்டு போகிறார்கள். என்ன பிடிக்கும் என்று எட்டுச்சிலவு அன்றே கேட்டு எழுதி வைப்பதற்கு, பாத்திரக் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில், கேட்காமலே நான் எழுதிய பெயர் அந்த அக்காவின் தம்பியினது. டிசெம்பர் 26ஆம் திகதி, இருபதாவது ஆண்டு நினைவு நாளன்று, கணவாய்க் கறியும் பிட்டும் மூன்று வீடுகளிலிருந்து அவர் வீட்டுக்குப் போயின.

இதன் அடிப்படையில் இரண்டு பிரேரணைகளைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன். மூன்றாம் மாத, ஆட்டைத் திவசச் சந்திப்புகளை யாப்பில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. மரணச் சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் தாங்களே தெரிவுசெய்யும் ஒரு நாளில் கொட்டகையும் கதிரையும் பெறுவதற்கு இடமளிக்கும் வகையில் உதவி விதியைத் திருத்த வேண்டும் என்பது மற்றையது. ஆட்சேபம் எழுதிய ஐயா உட்பட அனைவரும் இவற்றை விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கூரை திருத்தத்துக்குத் தகரம் தந்தவர்களுக்கும், வாரந்தோறும் மல்லித் தண்ணீர் அவித்துக் கொண்டுவந்த பெண்களுக்கும், கனடாவிலிருந்து கருவியை அனுப்பிய தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

விளையாட்டில் இன்னும் ஒரு பயணம் மீதமிருக்கிறது. மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் தாதியாக வாழ்ந்தவள் ஸ்டெல்லா என்பதும், அவளும் ஒரு பயணியே என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளை எவர்டோருக்குக் கொண்டுபோவதைத் தைப் பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். மாலை ஐந்தரைக்கு ஆரம்பம். கதிரைகள் அன்று வெளியே போக நேர்ந்தால் பாயில் இருப்போம்.

இவ்வண்ணம்,
செயலாளர்
திருகோணமலை